'சொல்லுங்க சார்' என்று சொல்லாதீங்க!

ஆங்கிலத்தில் அதட்டும் போனிடமிருந்து தப்பிக்க இலக்கணம் வேண்டாம். ஏழு சொல்லும் ஒரு பழக்கமும் போதும்.

கோயமுத்தூர்ப் பக்கம் போன் அடித்தால் எடுக்கிறவர் முதலில் சொல்வது 'ஹலோ'. அடுத்து வருவது 'சொல்லுங்க'. பால் சொசைட்டிக்காரர் கூப்பிட்டாலும் 'ங்க'தான், பேரனோடு படிக்கிற பையன் கூப்பிட்டாலும் 'ங்க'தான். எதிராளி யார் என்று தெரிவதற்கு முன்பே மரியாதையைக் கொடுத்துவிடுகிற பேச்சு இது. ஊர் ஊராகப் போய்ப் பிழைத்தாலும் கொங்குக்காரர் விட்டுவிடாத சொத்து.

அந்த ஒரு 'சொல்லுங்க'வுக்காக எங்கோ ஒருவன் காத்துக்கொண்டிருக்கிறான்.

அழைப்பு பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தொடங்குகிறது. முதலில் ஆங்கிலத்தில் பதிவு செய்யப்பட்ட குரல். ஏதோ ஓர் எண்ணை அழுத்தச் சொல்கிறது. அழுத்தினால் இந்தி வாடை அடிக்கும் ஆங்கிலத்தில் ஓர் 'அதிகாரி' வருகிறார். உங்கள் ஆதாரை வைத்து யாரோ சிம் வாங்கியிருக்கிறார்கள், அல்லது உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருந்தது, மும்பையில் வழக்குப் பதிவாகியிருக்கிறது என்கிறார். பொள்ளாச்சிப் பக்கம் தோட்டத்து வீட்டில் தனியாக இருக்கிற ஒரு பெரியவருக்கு அந்தப் பேச்சில் எவ்வளவு புரியும்? பத்து வாக்கியத்தில் நான்கு சொல் புரியலாம். ஆதார், போலீஸ், கேஸ், அரெஸ்ட். மற்றதெல்லாம் இரைச்சல். புரிந்த நான்குமே அடிவயிற்றைக் கலக்குகிற சொற்கள். அவர் செய்வது ஒன்றே ஒன்றுதான். எழுந்து நின்று, 'சொல்லுங்க சார்' என்கிறார்.

மோசடிக்காரனுக்கு இந்த அரைகுறை ஆங்கிலம்தான் வசதி. சுத்தமாகப் புரியாதவர் போனைப் பக்கத்து வீட்டுப் பையனிடம் கொடுத்துவிடுவார். ஓரளவு புரிகிறவர், புரியாத பாதியைத் தன் பயத்தால் நிரப்பிக்கொள்கிறார். 'என்ன சொன்னீங்க?' என்று திருப்பிக் கேட்கக் கூச்சப்படுகிறார். அந்தக் கூச்சத்துக்கு இன்றைக்கு விலை லட்சக்கணக்கில் இருக்கிறது.

பல்லைப் பார்த்து மாடு வாங்கியவர்கள்

இந்த மண்ணுக்கு மோசடி புதிது இல்லை. 2008, 2009 வாக்கில் திருப்பூரில் 'பாசி' என்ற நிறுவனம், அந்நியச் செலாவணி வணிகத்தில் பணம் கொழிக்கும் என்று சொல்லி வசூலித்தது. சிபிஐ விசாரித்த அந்த வழக்கில் பாதிக்கப்பட்ட முதலீட்டாளர்கள் 1,400 பேருக்கு மேல். தொகை சுமார் 930 கோடி ரூபாய். 2022 ஆகஸ்டில், முதலீட்டாளர் நலன் காக்கும் வழக்குகளுக்கான கோவை டான்பிட் நீதிமன்றம் இயக்குநர்கள் இருவருக்குத் தலா 27 ஆண்டு சிறையும் மொத்தமாக 171.74 கோடி ரூபாய் அபராதமும் விதித்தது. பணம் போய்த் தீர்ப்பு வருவதற்குள் பதின்மூன்று ஆண்டு ஓடிவிட்டது.

அடுத்து ஈமு கோழி. பெருந்துறையை மையமாக வைத்து முளைத்த பண்ணைகள், குஞ்சும் கொடுத்து, தீவனமும் கொடுத்து, மாதாமாதம் பராமரிப்புச் செலவும் தருவதாகச் சொல்லின. சினிமா முகங்கள் விளம்பரத்தில் வந்தன. நிலத்தை அடமானம் வைத்துக் கொட்டகை போட்டவர்கள் உண்டு. 2012 ஆகஸ்டில் எல்லாம் சரிந்தது. நெட்டைக் கழுத்துப் பறவைகள் தீவனம் இல்லாமல் கொட்டகைகளில் நின்றன.

பாசியும் ஈமுவும் தமிழில் பேசி ஏமாற்றிய காலத்தவை. அலுவலகம் இருந்தது, பலகை இருந்தது, சேர்த்துவிட்டவர் தெரிந்த முகமாக இருந்தார். ஏமாந்தவர்கள் ஆசைப்பட்டு ஏமாந்தார்கள். ஆனாலும் யோசிக்க நாள் இருந்தது. நாலு பேரைக் கேட்க வழி இருந்தது.

இப்போது வருகிறவன் அந்த நாளைத்தான் முதலில் பிடுங்குகிறான். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்காமல், நடக்கவிட்டுப் பார்க்காமல் காசை எடுக்காத ஊர் இது. துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துப் பேரம் பேசத் தெரிந்தவர், முகம் தெரியாத குரலுக்கு ஏன் அரை மணி நேரத்தில் ஐந்து லட்சம் அனுப்புகிறார்? சந்தையில் அவகாசம் உண்டு, துணை உண்டு, 'வேண்டாம்' என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடக்கும் உரிமை உண்டு. போனில் மூன்றையும் அவன் எடுத்துக்கொள்கிறான். 'கட் பண்ணக் கூடாது', 'யாரிடமும் சொல்லக் கூடாது', 'உடனே' என்பவைதான் அவனுடைய மூன்று கட்டளைகள்.

ஆங்கிலம் தெரிந்தால் தப்பிக்கலாமா?

நூல் வியாபாரம் செய்கிற கோவைக்காரர்களுக்கு லூதியானாவின் வர்த்மான் குழுமத்தைத் தெரியாமல் இருக்காது. அதன் தலைவர் எஸ்.பி. ஓஸ்வால் பத்மபூஷண் பெற்றவர். 2024 ஆகஸ்ட் கடைசியில், தம் 82-வது வயதில், அவர் 7 கோடி ரூபாயை இழந்தார். புலனாய்வு அதிகாரிகள் என்று சொல்லிக்கொண்டவர்கள் வீடியோ அழைப்பில் அவரைக் கண்காணிப்பில் வைத்தார்கள். போலியாக ஓர் உச்ச நீதிமன்ற விசாரணையையே திரையில் நடத்திக் காட்டினார்கள். தலைமை நீதிபதியைப் போல் ஒருவன் நடித்தான். பின்னர் காவல்துறை 5.25 கோடியை மீட்டது.

உலகம் முழுக்க வணிகம் செய்தவருக்கு ஆங்கிலத்தில் குறை ஏது? ஆக, நன்றாக ஆங்கிலம் படித்தால் ஏமாற மாட்டோம் என்பது பாதி உண்மைதான். இப்படி வீடியோ அழைப்பில் ஆளை அடைத்துவைப்பதற்கு மோசடிக்காரர்கள் வைத்த பெயர் 'டிஜிட்டல் அரெஸ்ட்'. சட்டத்தில் அப்படி ஒன்று கிடையவே கிடையாது. எந்தப் போலீசும் வீடியோ அழைப்பில் யாரையும் கைது செய்வதில்லை. இந்த ஒற்றைத் தகவல் தெரிந்த தோட்டத்துக் கூலிக்காரர், தெரியாத கோடீஸ்வரரைவிடப் பாதுகாப்பானவர். 2024 அக்டோபர் 27 அன்று பிரதமரே வானொலி உரையில் இதைச் சொல்ல வேண்டி வந்தது. 2025 டிசம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் இந்தவகை மோசடிகளை சிபிஐ விசாரிக்க உத்தரவிட்டது.

மத்திய உள்துறை அமைச்சகம் நாடாளுமன்றத்தில் தந்த கணக்குப்படி, 2024-ல் இணையக் குற்றங்களில் இந்தியர்கள் இழந்தது சுமார் 22,845 கோடி ரூபாய். முந்தைய ஆண்டில் அது 7,465 கோடி. ஒரே ஆண்டில் மூன்று மடங்கு.

சைக்கிள் ஏறிய எழுத்து

இந்த மோசடிகளிலிருந்து தப்ப முதியோருக்குப் பாடம் சொல்வது எப்படி என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே முன்மாதிரி இருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், எழுத்துப் படிக்க வந்த பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். 'அ'வுக்கும் சைக்கிளுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டவர்கள் இருந்திருப்பார்கள். ஆனால் பல்லாயிரம் பெண்கள் பெடலை மிதித்து வெளியே வந்தபோது சம்பந்தம் தானாக விளங்கியது. படித்த எழுத்தைக் கொண்டு தனியாக ஓர் இடத்துக்குப் போய்வர முடிய வேண்டும். அப்போதுதான் எழுத்து நிலைக்கும்.

இன்றைக்கு அந்தச் சைக்கிளின் இடத்தில் கைபேசி இருக்கிறது. 2022 முதல் 2027 வரை 1,037.90 கோடி ரூபாயில் நடக்கும் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம், 15 வயதுக்கு மேற்பட்ட எழுத்தறியாதவர்களுக்கு எழுத்தும் எண்ணும் சொல்லித்தருவதோடு நிதி அறிவையும் டிஜிட்டல் அறிவையும் வாழ்க்கைத் திறன்களாகச் சேர்த்திருக்கிறது. காகிதத்தில் இடம் இருக்கிறது. 2011 கணக்கெடுப்பில் கோவை மாவட்ட எழுத்தறிவு சுமார் 84 சதவீதம். பக்கத்து ஈரோட்டில் சுமார் 73. எழுத்தறியாத மீதிப் பேருக்குக் கற்றுத்தர வருகிற ஆசிரியரும் தன்னார்வலரும் 'ஏ ஃபார் ஆப்பிள்' என்று தொடங்க வேண்டியதில்லை. படிக்க வருகிறவரின் மடியில் இருக்கிற போனிலிருந்தே தொடங்கலாம்.

கோவை காந்திபுரத்து 'ஸ்போக்கன் இங்கிலீஷ்' வகுப்புகளுக்கும் இது பொருந்தும். அங்கே முதல் வாரத்தில் சொல்லித்தருவதெல்லாம் பணிவு. 'ப்ளீஸ்', 'சாரி', 'எஸ் சார்', 'மே ஐ'. ஏற்கெனவே 'ங்க' போட்டுப் பழகியவருக்கு இன்னும் நான்கு பணிவுச் சொல். 'நோ' என்பதை எப்படிச் சொல்வது, சொன்ன பிறகு எப்படிப் போனை வைப்பது என்று யாரும் பயிற்சி தருவதில்லை.

கரும்பலகையில் ஏழு சொல்

ஓடிபி: இதை வாசலில் தொங்கும் பூட்டின் சாவி என்று சொல்லிக்கொடுத்தால் பாட்டிக்கும் புரியும். ஓடிபி குறுஞ்செய்தியிலேயே 'யாரிடமும் பகிராதீர்கள்' என்று ஆங்கிலத்தில் அச்சாகியிருக்கும். அந்த ஒரு வரியைத் தாமே படிக்கத் தெரிந்தால் பாதிப் பாடம் முடிந்தது.

பின்: யூபிஐயில் பணம் அனுப்பத்தான் ரகசிய எண் வேண்டும். வாங்குவதற்கு வேண்டியதே இல்லை. 'உங்களுக்குப் பணம் போடுகிறேன், பின் நம்பரை அழுத்துங்கள்' என்று சொன்னால், போவது உங்கள் பணம். தனிநபர் ஒருவர் இன்னொருவரிடம் யூபிஐயில் பணம் கேட்டுக் கோரிக்கை அனுப்பும் வசதி 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்தப்பட்டிருக்கிறது. ஆனாலும் தந்திரம் வேறு உருவில் வரும்.

ஸ்கேன்: இதுவும் அதே கதை. கடைக்காரரிடம் காசு கொடுக்கத்தான் கட்டம்போட்ட படத்தை ஸ்கேன் செய்கிறோம். பழைய கட்டிலை விற்க இணையத்தில் விளம்பரம் போட்டவருக்கு 'ராணுவத்தில் இருக்கிறேன்' என்று ஒருவர் பேசி, ஸ்கேன் செய்யச் சொன்னால், கட்டிலோடு காசும் போகும்.

கேஒய்சி: வங்கி உங்கள் அடையாளத்தைச் சரிபார்ப்பதுதான் இது. 'கேஒய்சி முடிந்துவிட்டது, கணக்கு முடங்கும்' என்பது பழைய தூண்டில். அதைச் சரிசெய்கிறேன் என்று உங்கள் போன் திரையைத் தன் திரையில் பார்க்கும் செயலியை இறக்கச் சொல்வான். கேஒய்சிக்கு நேரே வங்கிக் கிளைக்குப் போங்கள். அங்கே மேசைக்குப் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார்.

ஏபிகே: முகூர்த்த மாதங்களில் வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை குவியும். பத்திரிகை படமாக வரும், பிடிஎஃப்பாக வரும். கோப்பின் பெயர் 'ஏபிகே' என்று முடிந்தால் அது பத்திரிகை அல்ல, உங்கள் போனுக்குள் குடியேறி ஓடிபியைத் திருடுகிற செயலி. விவசாயிகளுக்கு 'பிஎம் கிசான்' பெயரிலும், வண்டி வைத்திருப்பவர்களுக்கு அபராதச் சலான் பெயரிலும் வருகிறது. பொண்ணு மாப்பிள்ளை யாரென்று பார்க்கிற ஆவலில் தொட்டுவிடாதீர்கள்.

லிங்க்: இணைய முகவரியைப் பின்னாலிருந்து படிக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும். கடித உறையின் மேல் வரியில் 'கோயமுத்தூர்' என்று எழுதிவிட்டுக் கடைசியில் வேறு மாநிலத்துப் பின்கோடு போட்டால் தபால் எங்கே போகும்? அதுபோல முகவரியில், தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டைத் தாண்டி, முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன்னால் கடைசியாக இருப்பதுதான் உண்மையான ஊர். நடுவில் எந்த வங்கியின் பெயரை வேண்டுமானாலும் எவனும் எழுதலாம். இதற்காகவே வங்கிகளின் முகவரி 'பேங்க் டாட் இன்' என்று முடிய வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2025 அக்டோபர் 31-ஐக் கெடுவாக வைத்தது.

இம்மீடியட்லி: ஏழிலும் முக்கியமான சொல் இதுதான். 'உடனே', 'இன்று இரவு', 'கடைசி வாய்ப்பு' என்று எந்த மொழியில் வந்தாலும் எச்சரிக்கை மணி அடிக்க வேண்டும். 2022-ல் 'இன்றிரவு மின் இணைப்பு துண்டிக்கப்படும்' என்று ஆங்கிலத்தில் குறுஞ்செய்திகள் பறந்தன. அது போலி என்று மின்வாரியமே எச்சரித்தது. தறி ஓடினால்தான் கூலி என்றிருக்கும் சோமனூர்க்காரருக்கும், மோட்டார் ஓடினால்தான் பயிர் என்றிருக்கும் பல்லடத்துக்காரருக்கும் அந்த ஒரு வரி எவ்வளவு பெரிய பயம் என்று அனுப்பியவனுக்குத் தெரிந்திருக்கிறது.

எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கியவர்களுக்கு ஒரு சின்னப் பரீட்சையும் உண்டு. 2025 முதல், பதிவு பெற்ற நிறுவனங்களின் குறுஞ்செய்தி அனுப்புநர் பெயருக்குப் பின்னால் ஒரு கோடும் ஓர் ஆங்கில எழுத்தும் இருக்கும். 'பி' என்றால் விளம்பரம். 'எஸ்' என்றால் சேவை. 'டி' என்றால் பணப் பரிவர்த்தனை. 'ஜி' என்றால் அரசு. இருபத்தாறு எழுத்தும் தெரியாதவருக்கும் இந்த நான்கு எழுத்து உதவும். மின்வாரியம், வங்கி என்று சொல்லிக்கொண்டு பத்து இலக்கச் சாதாரண எண்ணிலிருந்து செய்தி வந்தால் அங்கேயே நின்றுவிடலாம். இது முதல் சல்லடைதான். சல்லடையில் தப்பி வருவதையும் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும்.

போனை வைக்கிற பயிற்சி

சொல் தெரிந்தால் போதாது, கை தெரிய வேண்டும். வகுப்பில் இருவர் இருவராக உட்கார வைத்து ஒருவரை மோசடிக்காரராக நடிக்கச் சொல்லுங்கள். அவர் மிரட்ட மிரட்ட, மற்றவர் ஒரே வாக்கியத்தைச் சொல்லிவிட்டுப் போனை வைக்க வேண்டும். கொங்குத் தமிழில் அது அழகாகவே வருகிறது: "நாங் கூப்படறனுங்க, வெச்சர்றனுங்க." மரியாதையும் குறையவில்லை, பேச்சும் முடிந்தது. பிறகு வங்கி அட்டையின் பின்னால் அச்சிட்டிருக்கும் எண்ணுக்கோ, உள்ளூர்க் காவல் நிலையத்துக்கோ தாமே அழைத்துக் கேட்கலாம். வந்த எண்ணையே திருப்பிக் கூப்பிடக் கூடாது.

பதினைந்து நிமிடம் நடித்துப் பார்த்தால் தெரியும், அறுபது வயதானவருக்குப் பாதிப் பேச்சில் போனை வைப்பது எவ்வளவு கஷ்டம் என்று. முதல் இரண்டு முறை முடியாது. 'பாவம், என்னவோ சொல்ல வர்றாங்களே' என்று தோன்றும். மூன்றாவது முறை முடியும்.

படித்த பிள்ளைகளுக்கு வேறு வலை

பெரியவர்களுக்கு ஆங்கிலம் பயம் என்றால், இளையவர்களுக்கு அதுவே ஆசை. 'ஆங்கிலம் தெரிந்தால் போதும், தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை' என்று போனவர்கள் எல்லை தாண்டி மியான்மரின் மியாவதிப் பகுதிக்குக் கடத்தப்பட்டு, மற்றவர்களை இணையத்தில் ஏமாற்றும் வேலையில் அடைக்கப்பட்டார்கள். அப்படிச் சிக்கியவர்களில் 13 தமிழர்கள் 2022 அக்டோபரில் மீட்கப்பட்டுச் சென்னை வந்தார்கள். நமக்கு வரும் மிரட்டல் அழைப்புக்குப் பின்னால் அடிவாங்கிக்கொண்டு பேசுகிற ஒரு பட்டதாரியும் இருக்கலாம் என்பது இந்தக் கதையின் கொடுமையான பக்கம். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர் வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்றவரா என்று பார்க்க வேண்டும். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான்.

உள்ளூரிலேயே இன்னொரு வலை இருக்கிறது. 'உன் வங்கிக் கணக்கைக் கொடு, பணம் வந்து போகும், கமிஷன் தருகிறேன்' என்று கல்லூரி மாணவர்களையும் கூலித் தொழிலாளர்களையும் கேட்கிறார்கள். கணக்கை வாடகைக்கு விட்டவர் வீட்டுக் கதவைத்தான் போலீஸ் முதலில் தட்டும். திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளிலும் கோவை வார்ப்படப் பட்டறைகளிலும் வேலை செய்கிற ஒடிசா, பீகார், அசாம் தொழிலாளர்களுக்கு இது இன்னும் ஆபத்து. அவர்களுக்கு ஆங்கிலமும் புதிது, தமிழும் புதிது. கம்பெனி வாசலில் பாதுகாப்புக் கவசம் பற்றிப் பலகை வைக்கிற முதலாளிகள், பக்கத்திலேயே இந்தியிலும் ஒடியாவிலும் அசாமியிலும் இதையும் நான்கு வரி எழுதி வைக்கலாம்.

பணம் போன பிறகு என்ன?

வெட்கப்படாமல், இணையக் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழைக்க வேண்டும். திருடிய பணம் ஒரு கணக்கில் தங்காது. கணக்கு விட்டுக் கணக்கு தாவி, எங்கோ ஓர் ஏடிஎம்மில் நோட்டாக மாறிவிடும். அதற்கு முன் தகவல் போனால் வங்கிகள் வழியிலேயே முடக்கலாம். அதனால்தான் முதல் ஒரு மணி நேரத்தைப் பொன் மணி என்கிறார்கள். ரிசர்வ் வங்கியின் 2017-ஆம் ஆண்டு விதி இன்னொன்றும் சொல்கிறது. நீங்களே ஓடிபியைச் சொல்லி ஏமாந்திருந்தாலும், வங்கிக்குத் தெரிவித்த பிறகு நடக்கும் இழப்புக்கு வங்கிதான் பொறுப்பு. ஆக, தயங்குகிற ஒவ்வொரு நிமிடமும் உங்கள் பாக்கெட்டிலிருந்து போகிறது.

தயக்கத்துக்குக் காரணம் பெரும்பாலும் வீடுதான். 'இத்தனை படிச்சும் இப்படி ஏமாந்து நிக்கறீங்களே' என்று மகன் கேட்பானே என்ற பயம் அம்மாவின் வாயைக் கட்டிவிடுகிறது. ஏமாந்தவரைத் திட்டுகிற வீடு, அடுத்த மோசடிக்காரனுக்கு வேலையைச் சுலபமாக்குகிறது. அவன் சொன்ன 'யாரிடமும் சொல்லாதே'யை நாமே நடத்திக்கொடுக்கிறோம்.

எனவே இந்த இதழைப் படிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். இந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனால், அப்புச்சியும் அம்மாயியும் உட்கார்ந்திருக்கிற திண்ணையில் பத்து நிமிடம் உட்காருங்கள். அவர்கள் போனை வாங்கி நீங்களே எல்லாவற்றையும் சரிசெய்து கொடுத்துவிடாதீர்கள். அவர்கள் கையிலேயே இருக்கட்டும். நீங்கள் மோசடிக்காரனாகப் பேசுங்கள், அவர்கள் போனை வைக்கட்டும். சிரிப்பு வரும்வரை மூன்று முறை செய்யுங்கள். கிளம்புவதற்கு முன், சுவரில் தொங்குகிற தினசரிக் காலண்டரின் அட்டையில் பெரிதாக 1930 என்று எழுதிவிட்டு, அதற்குக் கீழே தமிழில் ஒரு வரி எழுதுங்கள்: 'என்ன ஆனாலும் முதல்ல எங்கிட்டச் சொல்லுங்க, திட்ட மாட்டேன்.'

'சொல்லுங்க' என்ற சொல்லை அங்கே வைப்போம். அதற்கு அதுதான் இடம்.